வாய் திறந்த சொரூபம்

சிலுவையில் தொங்கும் இயேசுவை முப்பது வருஷமாக மரத்தில் செதுக்கிவந்த சொரூபக்காரர், முகத்தை மட்டும் அசந்து தூங்குகிறவர் முகம்போலவே வைப்பார். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும். போன மாதம் மாதா கோயில் கூரையில் வேலை பார்க்கையில் சாரம் சரிந்து, இரு கைகளாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். நெஞ்சு இறுகிவிட்டது. சுவரில் காலை ஊன்றி எம்பியபோதுதான் மூச்சு விட முடிந்தது.

அடுத்த சொரூபத்தின் வாய் திறந்திருந்தது. பாதங்கள் ஆணியை மிதித்து எம்பின.

"பாக்கவே பயமா இருக்குங்க," என்றார் பங்குத்தந்தை. "முகத்தைக் கொஞ்சம் சாந்தமாக்கிடுங்க."

சொரூபக்காரர் உளியைத் துடைத்தார். "ஆணி மேல ஏறி நின்னாத்தான், ஃபாதர், அவருக்கு ஒரு வார்த்தை பேச மூச்சு கிடைக்கும். அப்படிக் கிடைச்ச மூச்சுல ஒன்னை, அந்த ஆணியை அடிச்சவங்களை மன்னிக்கச் சொல்லிப் பிதாகிட்ட கேக்கறதுக்குச் செலவழிச்சிருக்கார். அந்த வாயை நான் எப்படி மூடுறது?"