விலகி நின்ற மேலாளர்

ஜனவரி 11: 3,500
மார்ச் 22: 6,000
ஜூன் 7: 14,000

மூன்று தொகையும் ஒரே மனிதர் தம் சொந்தப் பையிலிருந்து கட்டியவை. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை தேடிக் கட்டியவை: வேலையிடத்தில் தம்முடைய இயல்பான தலைமைப் பாணி எது? ஐம்பத்திரண்டு வயதில் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வருவதே வேடிக்கை. அவரிடம் வேலை பார்த்த பதினான்கு பேரில் யாரைக் கேட்டிருந்தாலும் காசு வாங்காமல் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கொசு.

மருத்துவமனைகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, நீராவி ரோலரில் தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் அது. கொசு அங்கே மேலாளர். சரியாகச் சொன்னால் பொறுப்பு மேலாளர். பழைய மேலாளர் ஓய்வு பெற்றபோது, அழுக்குத் துணி வாங்கும் கவுன்டரில் இருந்தவரைத் தலைமை அலுவலகம் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. நான்கு வருடமாகியும் ‘பொறுப்பு’ என்ற சொல் அவர் பதவியை விட்டுப் போகவில்லை. அவருடைய மச்சினன் ஒரு டயர் கம்பெனியில் முழு மேலாளர். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவன் தன் விசிட்டிங் கார்டை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கொடுப்பான். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் கொசுவுக்கு வயிறு எரியும். அந்த ஒரு சொல்லைக் கழற்றிவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அவ்வளவுதான்.

அவருடைய வேலை முறை எளிது. ஓடுகிற இடத்தில் போய் நிற்பார். ஓடுகிற ரோலரை நிறுத்தச் சொல்லி, விரிப்பின் மூலையும் மூலையும் எப்படிச் சேர வேண்டும் என்று காட்டுவார். பத்தொன்பது வருடமாக மடிக்கிற பெண்ணுக்கே காட்டுவார். அவர் மடித்துக் காட்டியதை அவர் நகர்ந்த பிறகு பிரித்து மறுபடி மடிக்க வேண்டியிருக்கும்.

முதல் தேர்வு ஒரு விடுதியின் கூட்ட அரங்கில் நடந்தது. நாற்பது கேள்வி, ஒரு மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். அவர் ‘படைத்தலைவர்’ என்று வந்தது. மறுநாளே கழுத்தில் ஒரு விசிலோடு வந்தார். துவைக்கும் ட்ரம்கள் போடும் சத்தத்தில் உள்ளே அது யார் காதிலும் விழவில்லை. வெளியே வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த டிரைவர் காதில் மட்டும் விழுந்தது. யாரோ தனக்குத்தான் வழிகாட்டுகிறார்கள் என்று நம்பி, அவன் அப்படியே பின்னால் வந்து இரண்டு டிராலிகளை நசுக்கினான். விசில் மேசை இழுப்பறைக்குப் போயிற்று.

இரண்டாவது தேர்வு கணினியில். ‘அரவணைக்கும் தலைவர்’ என்றது அது. உடனே கொசு ஒவ்வொருவரிடமும் போய், “வீட்ல எல்லாம் எப்படி? மனசுல என்ன இருக்கு? சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தார். மற்றவர்கள் ஒரு வார்த்தையில் தப்பித்தார்கள். பாய்லர்காரர் மட்டும் நம்பிவிட்டார். தன் அண்ணனோடு இருக்கும் பாகப்பிரிவினைத் தகராறை ஆதியிலிருந்து தொடங்கி, சாப்பாட்டு நேரம் முடிந்தும் சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்த வாரக் கடைசியில் ஏழு பேர் முன்பணம் கேட்டு வந்து நின்றார்கள். அரவணைப்பும் முடிந்தது.

இவ்வளவு பட்ட பிறகு வேறு யாராக இருந்தாலும் கை கழுவியிருப்பார்கள். கொசு மூன்றாவதாகப் பதினாலாயிரம் கட்டினார். இந்த முறை பயிற்சியாளரே நேரில் வந்தார். பளபளக்கும் செருப்பு, ஓயாத புன்னகை. “உங்களைப் பத்தி நீங்க சொன்னா அது பாதிதான் சார். உங்க டீம் சொல்லணும்” என்று சொல்லி, பதினான்கு தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

தாள்கள் மடிப்பு மேசையில்தான் நிரப்பப்பட்டன. பத்தொன்பது வருடமாக மடிக்கிற அந்த மடிப்பு அக்காவைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள்.

“அக்கா, ‘தலைவர் தேவையில்லாமல் குறுக்கிடுவதில்லை’. இதுக்கு என்ன போட?”

“அஞ்சு.”

“அக்கா! இது பச்சைப் பொய்.”

“இப்ப பொய்தான். நாம அஞ்சு போட்டாத்தான் நாளைக்கு உண்மையாகும். அந்த ஆளு நம்மள நம்ப மாட்டாரு, காயிதத்த நம்புவாரு. போடு.”

“‘தலைவர் எனக்கு முழுச் சுதந்திரம் தருகிறார்’?”

“ஆறு இருந்தா ஆறு போடு.”

பாய்லர்காரர் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். “நான் மனசாட்சிப்படிதான் எழுதுவேன்.”

“எழுதுங்கண்ணே, யாரு வேணாங்கிறா? நாளைக்கு உங்க பாய்லர்கிட்ட வந்து நின்னு, மீட்டர் முள்ளு ஏன் ஆடுது, முள்ளு ஏன் ஆடுதுன்னு சாயங்காலம் வரைக்கும் கேப்பாரு. உங்க மனசாட்சி பதில் சொல்லட்டும்.”

பாய்லர்காரரும் ஐந்து போட்டார்.

பதினான்கு தாள், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரே மதிப்பெண். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையில் கிடைத்திருந்தால் பதினான்கு பேரும் பெஞ்சின் மேல் நின்றிருப்பார்கள். பயிற்சியாளர் நெகிழ்ந்துபோனார். “சார், என் அனுபவத்துல இப்படி ஒருமனசா ஒரு டீம் பேசி நான் பார்த்ததே இல்ல. நீங்க ‘விலகி நிற்கும் தலைவர்’. ஆயிரத்துல ஒருத்தர். நீங்க எவ்வளவு தள்ளி நிக்கிறீங்களோ, அவ்வளவு உயரம் போவீங்க.”

ஆளைப் பார்க்காமல் தாளை நம்பும் பயிற்சியாளர். நான்கு வருடமாகத் தாம் செய்தது எதுவென்று தமக்கே தெரியாத மாணவர். நல்ல பொருத்தம்.

அன்றிலிருந்து கொசு தம்முடைய கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. முதல் வாரம் பெரிய அவஸ்தை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு மூலை கோணலாகப் போனால் கால் தானாக எழும். பயிற்சியாளர் கொடுத்து, சுவரில் மாட்டியிருந்த ‘விலகி நிற்கும் தலைவர்’ சான்றிதழைப் பார்த்துவிட்டு உட்காருவார். அப்புறம் பழகிவிட்டது. வீட்டுக்கும் அந்தப் பாணியைக் கொண்டுபோனார்.

“இனிமே இந்த வீட்ல முடிவெல்லாம் உன் கையிலதான்” என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “இத்தன வருஷமா யார் கையில இருந்துச்சாம்?”

ஜூலை முடிவில் கணக்கு வந்தது. ஒரு ஷிப்டில் மடித்து அனுப்பும் விரிப்புகள் நூற்றுக்குப் பதினொன்று கூடியிருந்தன. காரணம் குழந்தைக்கும் தெரியும்: ஓடுகிற ரோலரை நிறுத்த ஆள் இல்லை. கொசுவுக்குத் தோன்றிய காரணம் வேறு. கால் தரையில் பாவாமல் நடந்தார். தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதி, வரைபடம் இணைத்து, மனைவியிடம் படித்துக் காட்டினார். ‘இன்று இந்தக் கூடத்தின் எந்த வேலையும் என்னை நம்பி இல்லை. நான் இல்லாமலேயே அனைத்தும் முன்னைவிடச் சிறப்பாக நடக்கின்றன. இதுவே என் தலைமைப் பாணியின் வெற்றி. ஆகவே என்னை நிரந்தர மேலாளராக நியமிக்க வேண்டுகிறேன்.’

அவள் கடிதத்தை வாங்கி அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். “என்னங்க, அப்ப நீங்க எதுக்குன்னு கேட்டா?”

“யாரு?”

“படிக்கிறவங்கதான்.”

“உனக்கு இது புரியாது. இது புதுசு.”

“முடிவெல்லாம் என் கையிலன்னீங்களே. இத அனுப்பாதீங்க. இது என் முடிவு.”

“இது ஆபீஸ் விஷயம்” என்று உறையை ஒட்டினார். ஆகஸ்ட் 4 அன்று கடிதம் போயிற்று.

ஆகஸ்ட் 25 அன்று பதில் வந்தது. அவர் எழுதியது மிகவும் சுவாரசியமாக இருப்பதாகவும், செப்டம்பர் முழுக்க அவர் சம்பளத்தோடு விடுப்பில் இருந்து அதை நிரூபிக்க வேண்டும் என்றும் கண்டிருந்தது. இதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க ஒரு தனித் திறமை வேண்டும். கொசுவிடம் அது நிறையவே இருந்தது. விடுப்பைப் பரிசு என்று எடுத்துக்கொண்டு மச்சினன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போனார்.

“ஒரு மாசம் சும்மா இருக்கச் சம்பளமா அத்தான்?” என்றான் மச்சினன்.

“சும்மா இல்ல மச்சான். விலகி நிக்கிறேன்.”

மச்சினன் தன் அக்காவைப் பார்த்தான். அவள் சோற்றைப் பிசைவதில் கவனமாக இருந்தாள். “உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாடா? கவுன்டர் வேல ஏதாச்சும்?” என்று மட்டும் கேட்டாள்.

“யாருக்கு?” என்றார் கொசு, மிகுந்த ஆர்வத்தோடு.

அக்டோபர் 1 அன்று கூடத்துக்குத் திரும்பினார். கண்ணாடி அறையில் அவருடைய நாற்காலி வரை மடித்த விரிப்புகள் அடுக்கியிருந்தன. மேசை மீதும்தான்.

“என்னம்மா இது?”

மடிப்பு அக்கா கையை நிறுத்தவில்லை. “இடம் சும்மா கெடந்துச்சு சார். லோடு ஏறுது, வைக்க இடமில்ல.”

“நான் எங்க உக்கார?”

“நீங்கதான் விலகி நிக்கிறவராச்சே சார். வெளிய நெறைய இடமிருக்கு.”

சிரித்தவர்கள் ரோலருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். கொசு கோபப்படலாமா என்று யோசித்தார். சான்றிதழில் அதற்கு இடமில்லை. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்து, தபால்காரர் வரும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

தலைமை அலுவலகத்தின் முடிவு நான்கே வரி. அவர் எழுதிய வாக்கியத்தையே எடுத்துப் போட்டு, அவர் இல்லாத செப்டம்பரில் வேலை இன்னும் கூடியதைக் காட்டி, அந்தக் கூடத்துக்கு மேலாளர் பதவி தேவையில்லை என்பதை எடுத்துச் சொன்னதற்காக அவரைப் பாராட்டியது. பதவி ரத்து. அவர் பழையபடி அழுக்குத் துணி வாங்கும் கவுன்டருக்குப் போக வேண்டும்; சம்பளமும் பழைய சம்பளம். நியமனம்தான் வந்திருக்கிறது என்று எண்ணி, உறையைப் பிரிக்கும் முன்பே மச்சினனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை.