‘தரை தாங்கும்’ என்று கையெழுத்திட்டவன்

ஹெலிகாப்டர் இறங்கப்போகும் மண்தரையைப் பார்த்து, ‘தாங்கும்’ என்று கையெழுத்துப் போடுவதும் என் பொறியாளர் வேலையில் ஒரு பகுதி. அது இறங்கி, மறுபடி கிளம்பிப் போகும்வரை என் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது. எதற்காவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட பாவிகளுக்கு இது புரியும்.

ஹீல்ஸ் செருப்பு

பண்ணைப்புரம் பக்கம் ஒரு தரிசு நிலம். ஜல்லி ஏற்றிய லாரியை ஓட்டிப் பார்த்தேன், தடம்கூட விழவில்லை. பெருமையாகச் சொன்னபோது, பார்வையிட வந்த பைலட் சிரித்தார். லாரிக்குப் பத்து டயர். ஹெலிகாப்டருக்கோ சின்னச் சின்ன டயர்கள், கல்லு மாதிரி காற்றடைத்தவை, மொத்தப் பாரமும் கொஞ்சூண்டு மண்ணில்தான் இறங்கும் என்றார். கல்லூரியில் படித்ததுதான், மறந்து தொலைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற நிலத்துக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது.

“எங்க சம்பந்தியம்மா ஹீல்ஸ் செருப்போட வரப்புல நடந்தாக, சார். செருப்பு அங்கனயே நின்னுபோச்சு, அவுக மட்டும் இங்கன வந்தாக.”

எருக்குழி

அதன்பிறகு கடப்பாரையும் கையுமாகத்தான் போவேன். தேவதானப்பட்டியில் நான் போவதற்குள் ஹெலிகாப்டர் இறங்கும் இடத்துக்கு அடையாளமாகச் சுண்ணாம்புப் பொடியில் ‘எச்’ எழுத்தைப் போட்டு முடித்திருந்தார்கள். அதன் நடுவில் ஒரு குத்து குத்தினேன். கடப்பாரை முழங்கை ஆழம் போய்விட்டது. நல்லவேளை, இன்னும் கையெழுத்துப் போடவில்லை! ‘எச்’சை இருபதடி தள்ளிப் போடச் சொன்னேன். நிலத்துக்கார அம்மாவுக்கு வருத்தம்.

“நல்ல எடத்த விட்டுட்டீகளே. அது பழைய எருக்குழி சார், அங்கன எத வச்சாலும் வேர் பிடிச்சிரும்.”

தண்ணி வண்டி

தேனிக்கு வெளியே செம்மண் மைதானம். வருகிறவர் மந்திரி. சோதித்து, கையெழுத்தும் போட்டாயிற்று. தூசி பறக்கக் கூடாது என்று பெரிய அதிகாரி சொல்லப்போக, தண்ணி வண்டி டிரைவர் நாற்று நடுகிற அளவுக்கு ஊற்றிவிட்டார். கால் வைத்தேன், செருப்பு உள்ளே போனது. வருகிறவர்களின் உயிரும் என் வேலையும் கண்முன் வந்து போயின. கிளம்பவிருந்த பைலட்டுக்கு போன் போட்டேன். காய்ந்த இடம் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றார். மைதானம் முழுக்க ஓடினேன். வடக்கு மூலையில் மட்டும் மண் காய்ந்து கிடந்தது. கடப்பாரை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அவசர அவசரமாக அங்கே புது ‘எச்’ போட்டோம்.

ஹெலிகாப்டர் இறங்கியது. டயர் புதையவில்லை. புழுதிதான் கிளம்பியது; மந்திரியின் வெள்ளைச் சட்டை செக்கச்செவேலென்று ஆனது. அதிகாரி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். எனக்கோ சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார், டேங்க்ல தண்ணி தீந்துபோச்சு. இன்னொரு நடை அடிச்சிருந்தா அந்த மூலையையும் நனைச்சு விட்டிருப்பேன்.”

சட்டையில் பட்ட செம்மண் துவைத்தால் போய்விடும், நாம் போட்ட கையெழுத்து போகுமா, சொல்லுங்கள்!