அம்மன் வாங்கிக்கொண்ட காப்பு

இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் அறுவை செய்து எடுத்த மறு வருடமே என் இடது கை வீங்கத் தொடங்கியது. ரவிக்கைக்குள் கை நுழையவில்லை. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள் நான். இந்தக் கை போனால் பிழைப்பே போச்சு. அழுது தீர்த்தேன்.

எங்கள் எஸ்டேட் மாரியம்மனிடம் போனேன். "வீக்கம் வடியும்வரை அவிழ்க்க மாட்டேன் தாயே" என்று நேர்ந்துகொண்டு காப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். பெண்களுக்கு இடது கைதானே வழக்கம்? வீங்கிய அதே கையில் கட்டினேன். என் புத்தியைப் பாருங்கள்! கை வீங்க வீங்கக் கயிறு சதைக்குள் புதைந்தது.

குன்னூர் ஆஸ்பத்திரியில், இப்படி நீர் வடியாமல் கையில் தேங்கும் நிணநீர் வீக்கத்துக்கென்றே படித்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி இருந்தாள். கையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கக்கா, இந்தக் கயிறு இருந்தா நான் கட்டுப் போட முடியாதுங்க. தோல் அறுந்தா கிருமி ஏறிரும். கழட்டிருங்க."

சாமி காப்பை எப்படிக் கழற்றுவது? முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்று அம்மனோடு சண்டையே போட்டேன். "உனக்காகக் கட்டினேன். இப்போது நீயே வழி சொல்!" குங்குமம் கொண்டுவந்த பூசாரி அண்ணன் என் கையைப் பார்த்துப் பதறிப் போனார்.

"என்னா புள்ள இது? குடு இங்க."

மஞ்சள் தண்ணீர் தெளித்து, பதமாகக் கயிற்றை அவிழ்த்தார். அதை அம்மனின் சூலத்தில் கட்டினார்.

"ஒன் வேண்டுதல இனி ஆத்தா சொமப்பா. நீ போயி வைத்தியத்த பாரு."

அங்கேயே உட்கார்ந்து தேம்பினேன். கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் தந்துவிட்டாள் என் தாய்.

மறுபடி குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பச்சைக் குழந்தையைத் தடவுவதுபோல் கையைத் தோள் பக்கமாகத் தடவி, தேங்கிய நீரை வடியவிட்டாள். பஞ்சு சுற்றி, அடுக்கடுக்காகத் துணிக்கட்டுப் போட்டாள். கட்டோடு செய்யப் பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். வாரங்கள் போகப் போகக் கை லேசானது. இப்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு, பையை வலது தோளில் மாட்டி, மறுபடி கொழுந்துக்குப் போகிறேன்.

வீக்கம் முழுதாகப் போகவில்லை. போகாது, அடக்கித்தான் வைக்க முடியும் என்று அவள் சொல்லிவிட்டாள். முன்பானால் உடைந்து போயிருப்பேன். இப்போது தினமும் உறை மாட்டும்போது அம்மனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து நன்றி சொல்கிறேன்.

மனம் கனக்கும் என் சொந்தங்களே, அம்மனிடம் பயந்து பயந்து பேசாதீர்கள். உரிமையோடு கேளுங்கள். என் காப்பு இன்னும் சூலத்தில்தான் இருக்கிறது. நான் சுமக்க முடியாததை அவள் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.