மல்லையன் மேஸ்திரியும் சிலுப்பாத கிடாவும்

கல்யாண வீட்டுக்குப் போனால் மல்லையன் மேஸ்திரி பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் கை கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பார். தேங்கி நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு முறை பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, மண்வெட்டி கேட்டு வாங்கி, வாய்க்கால் வெட்டிவிட்டு வந்து பாயசம் எங்கே என்றார். மனைவி சாலம்மாள் அன்றிலிருந்து அவரோடு விசேஷங்களுக்குப் போவதில்லை.

பிறந்தது இண்டூர். கொத்து வேலை கற்று, பென்னாகரம் சாலையில் ஒரு சின்ன ஊரில் பஞ்சாயத்து போர்டு மேஸ்திரியானார். ஊர்ச் சாக்கடை முழுவதும் அங்கே நேராக ஏரியில் விழுந்தது. ஏரித் தண்ணீரைத்தான் கீழ்த்தெரு குடித்தது. அவருடைய முதல் பெண் குழந்தை வாந்திபேதியில் போனது அந்தத் தெருவில்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. சாக்கடையைப் பற்றி மட்டும் பேசினார், எல்லாரிடமும்.

தொல்லை தாங்காமல் 1938-இல் போர்டு இறங்கி வந்தது. ஏரிக்கு மேட்டுப் பக்கம் மூன்று தொட்டி கட்டுவது அவர் திட்டம். முதல் தொட்டியில் குப்பை நிற்கும். அடுத்ததில் சேறு படியும். கடைசியில் ஜல்லிக்கும் மணலுக்கும் ஊடாக இறங்கும் தண்ணீர் சேம்புப் பாத்திக்குப் பாயும். ஏரிக்குப் போகாது. சரிவு பார்த்தால் அதற்கு ஒரே இடம்தான்: மாரியம்மன் கோயில் நிலத்தின் மூலை. அந்த மூலையில் தர்மகர்த்தா சென்னப்பன் கத்தரி போட்டிருந்தார்.

"அம்மா நெலத்துல ஊரு அழுக்கா? அவளையே கேட்டுருவோம்" என்றார் சென்னப்பன். "கெடா சிலுப்புனா தோண்டு. சிலுப்பலைன்னா இனி வாயத் தொறக்கக் கூடாது மேஸ்திரி."

ஊர் வழக்கம் அது. கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சம்மதம். மல்லையன் உடனே ஒத்துக்கொண்டார். தண்ணீர் பட்டால் ஆடு சிலுப்பாமல் என்ன செய்யும் என்பது அவர் கணக்கு.

சித்திரை வெயிலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

உச்சி வேளை. பூசாரி காளியப்பன் ஒரு குடம் ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு குடம். கழுத்தை நீட்டிக் காட்டியது.

"அப்படியே எண்ண தேச்சு வுடுங்க பூசாரி, குளிச்சிட்டுப் போவட்டும்" என்றாள் கீழ்த்தெரு குள்ளம்மாள்.

மல்லையன் சிரிக்கவில்லை. கிடாவின் காதருகே குனிந்தார். "சிலுப்பு சாமி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சிலுப்புனா வெட்டுவாங்கன்னு அதுக்குத் தெரியுமுங்க" என்றாள் சாலம்மாள்.

குடங்கள் தீர்ந்தன. சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்மா வேணாங்கறா. அவ்வளவுதான்."

கிடாவை அவரே கயிற்றில் இழுத்துக்கொண்டு கிளம்பினார். மல்லையன் ஏரியைப் பார்த்தபடி நின்றார். கீழ்த்தெருப் பெண் ஒருத்தி அங்கே குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள்.

கோயிலுக்கும் தெருவுக்கும் நடுவே சாக்கடை. சென்னப்பன் தாண்டினார். குளித்துச் சொக்கியிருந்த கிடாவுக்குக் கால் எட்டவில்லை. கழுத்து வரை உள்ளே போனது. அடித்துப் பிடித்து ஏறி வந்து, தர்மகர்த்தாவின் சலவை வேட்டிக்குப் பக்கத்தில் நின்று, கொம்பிலிருந்து வால் வரை சிலுப்பியது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் சிலுப்பியது.

பெண்கள் குலவையிட்டார்கள்.

"செல்லாது! சாக்கடத் தண்ணிக்குச் சிலுப்புனது செல்லாது!" முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினார் சென்னப்பன்.

"ஏனுங்க, நாம கேட்டதே சாக்கடையப் பத்தித்தானுங்களே?" என்றாள் சாலம்மாள்.

காளியப்பன் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார்.

சம்மதம் தந்த கிடாவை வெட்டிப் பந்தி வைப்பது முறை. அந்தக் கிடாவை வெட்ட ஒருவரும் வரவில்லை. பந்திக்கும் ஆள் இல்லை. அது தொட்டிக் கரையில் புல் மேய்ந்து கொழுத்தது. மல்லையன் அதை ஓவர்சீயர் என்று கூப்பிட்டார். அவருடைய மகன் மாது பின்னாளில் நிஜமாகவே ஓவர்சீயர் படிப்பு முடித்து வந்தபோது, "வாங்க, ரெண்டாவது ஓவர்சீயரே" என்றார்.

தொட்டி கட்டிய பிறகு ஊரில் மறுபடியும் வாந்திபேதி வந்தது. கீழ்த்தெருவில் ஒரு குழந்தையும் போகவில்லை. மல்லையன் அதைப் பற்றியும் பேசவில்லை.

1949 மாசியில் மல்லையன் இறந்தார். வாசலில் பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் போக வழியில்லாமல் பெஞ்சைச் சுற்றித் தேங்கியது. மாது மண்வெட்டி கேட்டு வாங்கி, வாய்க்கால் வெட்டிவிட்டு, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்தான். ஓடியது. பிறகுதான் அழுதான்.