மிச்ச வேலையை முடிக்கப் போனவர்கள்

1986ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில், எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. ஊரில் கிணறு வெட்டினவன். கதைப்பதும் குறைவு. ஆனாலும் இதை எழுதிவிட வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

ஹோட்டலுக்கு வருமுன், இலங்கையில் இருந்து ஓடி வந்த எங்களைப் பங்கரில் வைத்திருந்தார்கள். போர் வந்தால் சனம் ஒளிப்பதற்கென்று சுவிஸ்காரர் நிலத்துக்குக் கீழே கட்டி வைத்தது. அகதிகளுக்கு இடம் போதாமல் போக அதைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் இல்லை. பகலா இரவா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கிணற்றுக்குள் வேலை செய்தவனுக்கு அது பழக்கம்தானே என்று ஒருவர் கேட்டார். கிணற்றில் நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியும். இங்கே கொங்கிறீட்.

முந்தின வருடக் கடைசியில், குளிர்காலம் தொடங்க ஹோட்டலில் வேலை கிடைத்தது. கூரைக்கு அடியில் ஓர் அறையும் தந்தார்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் ஜன்னல் இருந்தது. திறந்தால் மலை, மலைக்கு மேலே வானம். வேலை இருக்கும் வரைதான் அறை. வேலை போனால் திரும்பவும் பங்கர். அந்த அறைக்குள் போன அன்றே முடிவு செய்தேன்: எது வந்தாலும் இந்த வேலையை விடுவதில்லை.

அறையில் இன்னொருவரும் இருந்தார். என்னைவிட மூத்தவர். யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டியவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சமையலறையில் மரக்கறி வெட்டுவது அவர் வேலை. வாய் ஓயாது. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார்.

அண்ணையிடம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. லண்டனில் இருந்து வரும் தமிழ்ச் செய்தியைக் கேட்க வாங்கியது. மலை மறித்ததால் ஒன்றும் சரியாக இழுக்காது. நான் ஒரு செப்பு வயரை ஜன்னலால் எடுத்து, கூரையில் மழைத் தண்ணி ஓடும் பீலியில் கட்டிவிட்டேன். ஒருவர் எழும்பி நின்று வயரை இழுத்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். பிடிப்பது நான்தான். மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரை எங்களுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் லண்டன் இரைச்சலாக வரும். தெளிவாக வந்தது மாஸ்கோ. அதுவும் தமிழில்.

பெப்ரவரியில் ஒரு நாள், ரஷ்யர்கள் புதிய விண்வெளி நிலையம் ஒன்றை மேலே அனுப்பிவிட்டார்கள் என்று அந்த ரேடியோவில் ஒரு பெண் சொன்னாள். ரஷ்யப் பெண்தான் போலும், ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரித்தாள். நிலையத்துக்கு மிர் என்று பெயர். உள்ளே ஆள் இல்லை. முதலில் வீடு, ஆள் பிறகு.

எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஏன் என்று சொல்லத் தெரியாது. ஒரு வீடு மேலே சும்மா சுற்றிக்கொண்டு ஆளுக்காகக் காத்திருக்கிறது. எப்போது ஆள் போகும் என்று ஒவ்வொரு நாளும் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மார்ச் மாதம் இரண்டு பேர் போனார்கள். போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து, உள்ளே குடியிருக்கத் தொடங்கினார்கள்.

அண்ணைக்கு எரிச்சல்.

“ஊரில இருக்கிற வீடெல்லாம் எரியுது. நீ ஆகாயத்தில நடக்கிற குடிபூரலுக்கு வயர் பிடிச்சுக்கொண்டு நில்,” என்றார். “பால் காய்ச்சினது ஆர் எண்டு சொன்னவளோ?”

“சொல்லேல்லை, அண்ணை.”

“கேட்டுச் சொல்லு.”

அதோடு நிற்கவில்லை. சமையலறையிலும் போய்ச் சொல்லிவிட்டார். எங்கள் தலைமைச் சமையல்காரர் ஒரு சுவிஸ்காரர். எல்லோரும் அவரைச் செஃப் என்போம். பெரிய உடம்பு, பெரிய சத்தம். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கொஸ்மொனாட். விண்வெளி வீரனை ரஷ்யர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். “கொஸ்மொனாட், பெரிய சட்டி!” என்று கத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குக் கோபமில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, மேலே இன்னும் இரண்டு பேர்தானா என்று அவரே வந்து கேட்பார்.

குளிர்காலம் முடிய ஹோட்டலைப் பூட்டினார்கள். சமையலறையைத் துப்புரவாக்க அண்ணையையும் என்னையும் செஃப் வைத்துக்கொண்டார். அப்போதுதான் ரஷ்யர்களின் அணு உலை ஒன்று வெடித்தது. செர்னோபில். மழையோடு நஞ்சு வருகிறது, கீரை வேண்டாம், குழந்தைகளுக்குப் புதுப் பால் வேண்டாம் என்று இங்கே ஒரே பேச்சு. மாஸ்கோப் பெண் அதைப் பிந்தித்தான் சொன்னாள், கொஞ்சமாகத்தான் சொன்னாள். எனக்கும் அது பிடிக்கவில்லை. செஃப் ஒரு பெட்டி கீரையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார். இனி ரஷ்யர் கதை என் சமையலறையில் வேண்டாம் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகும் கொஸ்மொனாட் என்றுதான் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை.

நான் கேட்பதை விடவில்லை. மே மாதம் அந்த இரண்டு பேரும் ஒரு வேலை செய்தார்கள். புதிய நிலையத்தை விட்டு வெளிக்கிட்டு, வானத்திலேயே இன்னோர் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த பழைய நிலையத்துக்குப் போனார்கள். முந்தின வருடம் அங்கே இருந்தவர்களின் தலைவருக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. செய்ய வந்த வேலையைப் பாதியில் விட்டு எல்லோரும் இறங்க வேண்டி வந்தது. அந்த மிச்ச வேலையை முடிக்கத்தான் இவர்கள் போனார்கள். அடுப்பை உரஞ்சிக்கொண்டே இதையெல்லாம் அண்ணைக்கு விளக்கினேன். நான் அவ்வளவு நீளமாகக் கதைத்ததே இல்லை.

“சுகமில்லாதவன் லேசில சொல்லேல்லையாக்கும்,” என்றேன். “கடைசி மட்டும் பொறுத்துப் பாத்திருப்பான்.”

அந்த ஆளை எனக்குப் பிடித்தது அதற்காகத்தான்.

ஜூனில் ஹோட்டலைத் திறந்தார்கள். ஆட்கள் நிறைய வந்தார்கள். ஒரு காலை எனக்குத் தொப்புளைச் சுற்றி நோவு. வாய்வு என்று நினைத்தேன். மல்லித் தண்ணி குடித்தேன். அடுத்த நாள் நோவு வலப் பக்கம் இறங்கி அங்கேயே நின்றது. சாப்பிட முடியவில்லை. ஒரு துணியை மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சட்டி கழுவினேன். பெரிய சட்டிகளைத் தூக்கும்போது பல்லைக் கடித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்க விடவில்லை.

கழிந்த குளிர்காலத்தில், முதுகு பிடித்த ஒரு தொழிலாளியை ஹோட்டலை விட்டு அனுப்பினதை நான் பார்த்தவன். அவன் போன அடுத்த நாளே அவனது கட்டிலில் வேறு ஆள். ஆஸ்பத்திரிக்குப் போனால் என் கட்டிலும் அப்படித்தான். பிறகு பங்கர். அதைவிட இந்த நோவு பரவாயில்லை என்று முடிவு செய்தேன். செஃப்பிடம் சொல்வதை நினைக்கவே இல்லை. அவர் என்னோடு நேராகக் கதைத்தே கனநாள்.

மூன்றாம் நாள் மதிய ஓய்வு. நான் கட்டிலில் சுருண்டு கிடந்தேன். அண்ணை ரேடியோவைப் போட்டார். மாஸ்கோப் பெண் தொடங்கினாள். பழைய நிலையத்தில் வேலை முடிகிறது, அங்கிருந்த கருவிகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் புதிய நிலையத்துக்குத் திரும்பப் போகிறார்கள். இடையில் இரைச்சல்.

“எழும்படா, வயரைப் பிடி. உன்ர ஆக்கள்தான்.”

நான் எழும்பவில்லை.

அண்ணை திரும்பிப் பார்த்தார். அந்தச் செய்திக்கு நான் எழும்பாமல் கிடந்ததில்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கிட்ட வந்து நெற்றியைத் தொட்டார். கொதித்தது. வலக் காலை நீட்டச் சொன்னார். நீட்ட முடியவில்லை.

“எப்ப தொடங்கினது?”

“இப்பதான்.”

“பொய் சொல்லாத. நேற்றும் நீ சாப்பிடேல்லை. நான் செஃப்பிட்டைப் போறன்.”

கையைப் பிடித்து நிறுத்தினேன். “வேண்டாமண்ணை. வேலை போயிடும். இரவைக்குச் சரியாயிடும்.”

அண்ணை கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தார்.

“நீதானே சொன்னனீ, ஒருத்தன் வருத்தம் எண்டு மேலயிருந்து இறங்கினவன் எண்டு. அவனை என்ன செய்தவங்கள்? பங்கருக்கையோ போட்டவங்கள்?”

“அவனுக்கு அரசாங்கம் இருக்கு.”

“அவன்ர வேலை என்னாச்சு?”

அவரது கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“சொல்லு. வயர் பிடிச்சுப் பிடிச்சுக் கேட்டனீயெல்லோ.”

“வேற ரெண்டு பேர் போய் முடிச்சவங்கள்.”

“அப்ப? உன்ர சட்டியக் கழுவ ஆளில்லையோ? நான் செத்தோ போனன்?” அண்ணைக்குக் குரல் ஏறியது. “கிணத்துக்க மூச்சு முட்டினா நீ கயிறை இழுக்க மாட்டியோடா? மேல நிக்கிறவன் என்னத்துக்கு நிக்கிறான், விசரா?”

கிணற்றில் மூச்சு முட்டியபோது, மேலே தூக்கச் சொல்லி நான் கயிற்றை இழுத்திருக்கிறேன். ஒரு தடவையும் வெட்கப்பட்டதில்லை. நான் பிடித்திருந்த கையை விட்டேன். அண்ணை படிகளில் ஓடினார்.

செஃப் வந்தார். பின்னால் அண்ணை. அந்தப் பெரிய உடம்பு கூரைக்கு அடியில் குனிந்து நின்றது. என் வயிற்றில் ஒரு விரலை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். செஃப் தூசணமாக ஏதோ திட்டிவிட்டு, என்னை இரண்டு கையாலும் தூக்கினார். கறி பட்ட ஏப்ரனைக் கழட்டாமலே தன் காரில் ஏற்றினார். பள்ளத்தாக்கின் கீழே ஆஸ்பத்திரி.

வளைவுக்கு வளைவு எனக்கு உயிர் போய் வந்தது. கண் சொருகியது. செஃப் என் தோளில் தட்டினார்.

“கொஸ்மொனாட், நித்திரை கொள்ளாதே. கதை. உன்னுடைய ரஷ்யர்கள் இப்போது எங்கே?”

அவராகவே கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். பழைய வீட்டில் வேலை முடிந்தது, புது வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

“சாமான்களோடா?”

“சாமான்களோடு.”

“வீடு மாறத் தெரிகிறது. அணு உலை நடத்தத் தெரியாது,” என்று ஸ்டியரிங்கில் குத்தினார். பிறகு அடுத்த கேள்வி. மேலே என்ன சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், சட்டி யார் கழுவுகிறார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை விடாமல் கேட்டார். எனக்குப் பாதி விடை தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

உடனே வயிற்றை வெட்டினார்கள். குடல்வால் அழுகி, வெடிக்கிற நிலையில் இருந்ததாம். இன்னும் ஓர் இரவு விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னார். கையால் கழுத்தில் கோடு இழுத்தும் காட்டினார், எனக்கு ஜெர்மன் விளங்காமல் போய்விடுமோ என்று.

பிழைத்தது சரி. பிறகு படுத்திருந்து யோசித்தது எல்லாம் கட்டிலைப் பற்றித்தான். இப்போது அதில் யார் படுக்கிறார்கள்? ஒருவரும் வரவில்லை. ஹோட்டலில் ஆள் நிரம்பி வழிகிற நாட்கள், வர முடியாது என்று தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை.

தன் லீவு நாளில் அண்ணை ரயிலேறி வந்தார். வாசலிலேயே தொடங்கினார்.

“ராசா மாதிரிப் படுத்திருக்கிறாய். என்ர கையைப் பார்.”

நீட்டினார். சவர்க்காரத் தண்ணீரில் தோல் உரிந்திருந்தது. பகலில் மரக்கறி, பிறகு சட்டி. இரண்டு வேலையும் அவர்தான்.

“புது ஆள் எடுக்கேல்லையோ?” நான் கேட்டேன். அதைக் கேட்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

“முதலாளி எடுக்கச் சொன்னவர்தான். செஃப் மாட்டன் எண்டிட்டார். ஆளிருக்கு, ஆஸ்பத்திரியில இருக்கு எண்டு சொன்னவராம்.” அண்ணை கதிரையை இழுத்து இருந்தார். “உன்னைக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கு இரவு என்னால ஏலாமப் போச்சு. சட்டி மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்குது. அந்தாள் தொப்பியைக் கழட்டி வைச்சிட்டு வந்து எனக்குப் பக்கத்தில நிண்டு கழுவினவர், கடைசிச் சட்டி மட்டும். உன்னளவுக்குச் சுத்தமில்லை. நான் சொல்லேல்லை.”

நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காயம் நோகிறது என்று நினைத்திருப்பார்.

“அடிப்பிடிச்சுக் கறுத்த ஒரு சட்டியை உனக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன். சும்மா விடமாட்டன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உன்ர ஆக்கள் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திட்டினம். நான் தனியத்தான் வயரைப் பிடிச்சுக் கேட்டனான். பழைய வீட்டுச் சாமானெல்லாம் அள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறாங்கள். எங்களை மாதிரி வெறுங்கையோட இல்லை.”

அந்தக் கோடை முடிவதற்குள் நான் திரும்பவும் சட்டி கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றேன். செஃப் ஒன்றும் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை, சொல்லத் தெரியவில்லை. பாரச் சட்டிகளை மட்டும் அவரே தூக்கி என் முன்னால் வைத்தார், கனநாளைக்கு. பங்கருக்கு நான் பிறகு போகவே இல்லை.

அண்ணை இப்போது இல்லை. மிர்ரும் கனகாலம் மேலே இருந்துவிட்டுக் கடலில் விழுந்துவிட்டது. நான் பிறகு பல சமையலறைகளில் வேலை செய்தேன், சிலவற்றுக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். நோவை வெளியே சொல்லாமல் நிற்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், நானும் ஒரு காலத்தில் அதைத்தான் பலம் என்று நம்பினவன் அல்லவா. போய்க் காட்டிவிட்டு வா, உன் வேலை இங்கேயே இருக்கும் என்று சொல்லி அவர்களின் இடத்தில் நான் நிற்கும் ஒவ்வொரு தடவையும், எனக்காக அன்று இரவு தொட்டியடியில் நின்ற அந்த இரண்டு பேருக்கும் சொல்லாமல் விட்ட நன்றிக் கடனில் கொஞ்சம் குறைகிறது என்று நினைத்துக்கொள்வேன்.