ஸ்டார்ட் ஆகாத எஞ்சினும் ஒடிந்த மணிக்கட்டும்

இந்த வாரம் கிண்டலை எதிர்பார்க்காதீர்கள். கோபமாக இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் எல்லோரும் என்னோடு பேசவே பயப்படுகிறார்கள்.

நானும் என் நண்பன் ஆரோக்கியமும் ஊருக்கு வெளியே அத்திபெலே பக்கம் ஒரு வாடகை ஷெட்டில் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அலுமினியக் குழாய், மேலே துணி, இரண்டு சீட்டு, முன்னால் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆரோக்கியம் விவேக் நகரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். உலோக வேலை முழுக்க அவனுடையது. பெயின்ட்டும் ஒயரிங்கும் என்னுடையது.

எல்லாம் முடிந்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால்... ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டார் சோம்பலாக முனகும். ப்ரொப்பெல்லர் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடும்.

ப்ளக்கை மாற்றினோம். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினோம். பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினோம். பேட்டரி கூடப் புதிது வாங்கினோம். ப்ளக்கை வெளியே எடுத்து எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்த்தால் பொறி பளிச்சென்று வருகிறது. மாட்டினால் எஞ்சின் செத்த மாடு மாதிரி கிடக்கிறது. மூன்று ஞாயிறு இதே கதை.

நாலாவது ஞாயிறு ராவ் சார் வந்தார். அந்தக் காலத்தில் நிறைய பறந்தவர். விமானம் கட்டுகிறவர்கள் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுவார். நாற்காலி போட்டோம். காபி கொடுத்தோம். அஞ்சு நிமிடம் பார்த்தார். பிறகு கன்னடம் கலந்த தமிழில் ஆரம்பித்தார்.

"ஏன்ரீ, இன்னுமா பட்டனை அமுக்கிண்டு இருக்கீங்க? கையால ப்ரொப்பெல்லரை ஒரு இழு இழுங்க. நாங்கள்லாம் அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணுவோம்."

"டேஞ்சர் இல்லையா சார்?" என்றேன்.

"ஸ்வல்ப தைரியம் வேணும்ப்பா. அவ்ளோதான்."

தைரியம்! அந்த ஒரு வார்த்தை போதும், நம் ஆட்கள் எதை வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். ஆரோக்கியம் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான், சட்டைக் கையை மடித்துவிட்டான், ப்ரொப்பெல்லருக்கு எதிரில் போய் நின்றான். சுவிட்சுகளோடு சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். 'வேண்டாம்டா' என்று சொல்லி சாவியைப் பிடுங்கியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியவர் முன்னால் பயந்தாங்கொள்ளி ஆக எனக்கு விருப்பமில்லை.

முதல் இழுப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் ஒரே ஒரு முறை வெடித்தது — எதிர்ப்பக்கமாக. ப்ரொப்பெல்லர் திரும்பி வந்து அவன் வலது மணிக்கட்டில் அடித்தது. குச்சி ஒடிகிற சத்தம். சீட்டில் இருந்த எனக்கே கேட்டது.

"அம்மா" என்று மட்டும் சொன்னான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ராவ் சார் என்ன சொன்னார் தெரியுமா?

"கையை லேட்டா எடுத்துட்டேப்பா."

லேத்தில் வேலை செய்கிறவனின் வலது கை! ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே பார்த்த டாக்டர் ஆறு வாரம் கட்டு என்றார். பட்டறை இழுத்துமூடிக் கிடக்கிறது. அறிவுரை சொல்கிறவர் மட்டும் ப்ரொப்பெல்லருக்கு எதிரில் ஒருநாளும் நிற்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். காபியோடு.

போன ஞாயிறு, மாவுக்கட்டோடு ஆரோக்கியம் ஷெட்டுக்கு வந்தான். வராதே என்றேன், கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் கேட்டான். "ப்ளக்கைக் கழட்டினா மட்டும் வேகமா சுத்துதில்ல?"

"ஆமா. உள்ள அழுத்தம் இருக்காதே. லேசா சுத்தும்."

"மாட்டினா மெதுவா சுத்துது. இந்த எஞ்சின் வேகமா சுத்தினாத்தானே பொறியே வரும்? அப்போ செல்ஃபுக்குக் கரன்ட் சரியாப் போகலடா. பேட்டரி புதுசு. மத்ததெல்லாம் பார்த்தோம். எர்த் ஒயரைப் பார்த்தமா?"

பார்க்கவில்லை.

காரில் இருந்த தடித்த ஜம்பர் கேபிளை எடுத்துவரச் சொன்னான். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில். இன்னொரு முனை நேராக எஞ்சின் உடம்பில். அவன் எட்டத் தள்ளி நிற்க, நான் சீட்டில் ஏறி பட்டனை அழுத்தினேன்.

ஒரே அழுத்து. ஷெட்டே அதிர்ந்தது. தூசி பறந்தது. நாலு ஞாயிறாகக் கெஞ்சிக் கூத்தாடியும் மசியாத எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது!

அணைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவை விமானச் சட்டத்தோடு இணைக்கிற எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் பளபளவென்று மஞ்சள் பெயின்ட். இரண்டு கோட்டு. நான் அடித்தது. பெயின்ட்டுக்கு மேலேயே ஒயரை வைத்து முறுக்கியிருக்கிறேன். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரன்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. முனகுவதற்குப் போதும், ஸ்டார்ட் ஆவதற்குப் போதாது.

ஆரோக்கியம் அந்தப் பெயின்ட்டை இடது கை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஒயர் மாட்டும்போதே கேட்டேன்டா. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சியான்னு."

கேட்டான். நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேய்த்துவிட்டேன் என்று சொன்னேன். அழகாக இருந்த பெயின்ட்டைச் சுரண்ட மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "தேய்" என்று எமரி பேப்பரை நீட்டினான். உலோகம் வெள்ளையாகத் தெரிகிறவரை தேய்த்தேன். ஒயரை மாட்டினேன். கேபிள் இல்லாமலே எஞ்சின் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

இவ்வளவு நாளும் நான் எதையெல்லாம் சந்தேகப்பட்டேன்! ப்ளக் செய்தவனை, பங்க்காரனை, பேட்டரி விற்றவனை. என் கை வேலையை மட்டும் சந்தேகப்படத் தோன்றவேயில்லை. உங்கள் வீட்டில், ஆபீசில் எப்படியோ... யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் ராவ் சார் போன் செய்தார். "ஸ்டார்ட் ஆயிடுச்சாமே? நான் சொன்னேனில்ல, சும்மா சின்ன ப்ராப்ளம்தான்!" ரிசீவரை வைத்துவிட்டேன். அவரை இனி ஷெட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தாகிவிட்டது.

என்னை விடுவதா என்று ஆரோக்கியம் இன்னும் சொல்லவில்லை.