நான் தட்டுப் பிடித்த ஈஸ்டர்

பெரிய வியாழக்கிழமைப் பூசையோடு எங்கள் மாதா கோயிலின் வெண்கல மணி வாயடைத்துப் போகும். பண்டிகைப் பூசை வரை அதை அடிக்கக் கூடாது என்பதால், கோயில் உபதேசியார் கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகையைச் சுழற்றிக்கொண்டு வீதி வீதியாகப் போவார், அதில் கோத்திருந்த கட்டை பலகையில் மோதி, காய்ந்த புளியங்காய் மூட்டையை உலுக்கியதுபோல ஒரு சத்தம் எழும்பும். நாங்கள் அதற்கு ‘கடகடா’ என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சத்தம் கேட்டதும் சேலத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும்.

பெரியப்பா ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை பார்த்தார். அப்பாவுக்கும் சித்தப்பாக்களுக்கும் அவர்தான் மூத்தவர்; நாங்கள் அவரோடு அதே வீட்டில் இருந்தோம். பெரிய வெள்ளியை ஒட்டி வரும் விடுமுறைக்கு ஆத்தூரிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு அங்கே வந்து சேர வேண்டும் என்பது எழுதாத சட்டம். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, யார் கால் யார் தலைமாட்டில் கிடக்கிறது என்று தெரியாமல் தூங்குவோம். வெள்ளிக்கிழமை ஒரு வேளைக் கஞ்சிதான். அன்று ஆணி அடிக்கக் கூடாது, பெண்கள் தலை வாரக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது. “ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, உனக்கு என்னடா பல்லு தெரியுது?” என்பார் பெரியப்பா. என் கடைசிச் சித்தப்பா மட்டும் அடங்க மாட்டார். “இந்த ஊட்ல வெள்ளிக்கிழம கஞ்சி கொதிக்கிறது ஒண்ணுதான் சத்தம். அதுக்கும் மூடி போட்டுருங்க அண்ணி” என்று பெரியம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போவார்.

நான் சொல்ல வந்த வருடத்தில், வியாழக்கிழமை மாலை, வீதி முனையில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து லூர்து அத்தை இறங்கினார். அப்பாவுக்கு ஒரே தங்கை. ஆட்டையாம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது மல்லசமுத்திரத்து லாரி டிரைவர் ஒருவரை, வேற்று மதத்தவரை, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு போனவர், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பெரியம்மாதான் பெரியப்பாவுக்குத் தெரியாமல் ஆள் விட்டு அவரை வரவழைத்திருந்தார். மாமா வீதிக்குள் வரவில்லை. தகர டின்னையும் பையையும் இறக்கி வைத்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பையன் ஒருவன் நின்றான்.

“பேரென்ன மாப்ள?” என்று சித்தப்பா கேட்டார்.

“செங்கோடனுங்க.”

“அட, மலை மேல இருக்கிறவரே எறங்கி வந்துட்டாரா? வாரும், வாரும்.”

சித்தப்பா பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் திருச்செங்கோட்டு மலைச்சாமியின் பெயர் அந்தக் கூடத்தில் விழுந்ததும், உள்ளே நாற்காலியில் இருந்த பெரியப்பா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை கொண்டுவந்த டின்னில் ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு இருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை. தவக்காலம் என்று பெரியம்மா சொன்னார்; காரணம் அது மட்டுமில்லை என்று எங்களுக்கும் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டர் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் உட்காருவதற்கு முன்பு, சின்னவர் பெரியவர் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பெரியப்பாவின் முன்னால் குனிய வேண்டும். அவர் கட்டைவிரலால் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போடுவார். யாரோடு யாருக்கு என்ன மனத்தாங்கல் இருந்தாலும் அந்தச் சிலுவையோடு தீர்ந்தது. அதற்குமேல் அதைப் பேசக் கூடாது. அத்தையின் நெற்றியில் பெரியப்பா சிலுவை போடுவாரா மாட்டாரா என்பதுதான் அந்த மூன்று நாளும் வீட்டில் எல்லோர் நெஞ்சிலும் இருந்தது. அத்தை கிணற்றடியில் பாத்திரம் துலக்கினார், யாரும் கேட்காமலே மாவாட்டினார். பெரியப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. சனிக்கிழமை மதியம், பெரியம்மா மோர் கொடுக்கப் போனபோது, டம்ளரைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: “நாளைக்குப் பூசைக்கு அவளும் வரட்டும்.” பெரியம்மா சமையலறைக்கு வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை வீட்டை விட்டுப் போனபோது எனக்கு நான்கு வயது. அதுவரை என்னை இடுப்பில் வைத்திருந்தவர் அவர்தான். திரும்பி வந்தவர், “இதாரு, நம்ம சவரியா? மீச மொளைக்கப் போவுதே” என்று என் தாடையைப் பிடித்து ஆட்டிவிட்டு, உடனே செங்கோடனின் மூக்கைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அந்த மூக்கு எனக்குப் பிடிக்காமல் போனது.

நான் அப்போது பூசைக்கு உதவும் பீடப் பையன். ஓஸ்தி என்கிற அப்பத்தைச் சாமியார் கையிலிருந்து பெறுவதை நாங்கள் ‘நன்மை வாங்குவது’ என்போம். அந்தக் காலத்தில் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதித் தடுப்பின் ஓரமாக எல்லோரும் முழங்காலில் நின்று கண்ணை மூடி நாக்கை நீட்ட, சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் அதை வைத்துக்கொண்டு வருவார். தவறி விழுந்தாலும் தரையில் படாதபடி அவர் கூடவே நடந்து, ஒவ்வொருவர் மோவாய்க்கும் கீழே பித்தளைத் தட்டைப் பிடிப்பது என் வேலை. ஞானஸ்நானம் பெறாதவர்கள் வாங்கக் கூடாது. வாங்கினவர்களும் அதைக் கையால் தொடக் கூடாது. தொட்டால் பெரும் பாவம்.

சனிக்கிழமை மாலை செங்கோடன் என்னையே சுற்றி வந்தான். “அதென்னுங்க மச்சான் வாயில வெக்கறது? தித்திக்குமுங்களா?” என்று கேட்டான்.

“நாளைக்கு வந்து வாங்கிப் பாரு. முட்டி போடணும், கண்ண மூடணும், நாக்க நீட்டணும். அவ்ளோதான்.”

“எனக்கும் குடுப்பாங்களா?”

“நாந்தான் தட்டு புடிக்கிறேன். வா.”

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பங்குச் சாமியாருக்கு எங்கள் ஒவ்வொருவரையும் தெரியும். அவர் இவனை அடையாளம் கண்டு, எல்லோர் முன்னாலும் காதைத் திருகி எழுப்பிவிடுவார், ஜனங்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பண்டிகைக் கூட்டத்துக்காக அன்று வெளியூரிலிருந்து ஒரு சாமியார் உதவிக்கு வந்திருந்தார். எங்கள் பக்கத்துக் கிராதிக்கு அவர்தான் வந்தார். அவருக்கு யாரையும் தெரியாது.

ஆண்கள் பக்கத்தில், என் சித்தப்பா மகன்களுக்கு நடுவே, செங்கோடன் முழங்காலில் இருந்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே கண்ணை இறுக மூடியிருந்தான். சாமியார் மூன்று ஆள் தள்ளி இருந்தார், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. தட்டை விலக்கியிருந்தால் போதும், அவர் நின்று என்னைப் பார்த்திருப்பார். நான் விலக்கவில்லை. அவன் மோவாய்க்குக் கீழே தட்டைப் பிடித்தேன், நேராகவே பிடித்தேன். சாமியார் இலத்தீனில் முணுமுணுத்து ஓஸ்தியை அவன் நாக்கில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் எழுந்தான், வாயிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நடுப்பாதையைக் கடந்து, பெண்கள் பக்கத்தில் கடைசித் தூணருகே இருந்த அத்தையிடம் போனான். கோயிலில் தாலி கட்டிக்கொள்ளாதவர் என்பதால் அத்தை மட்டும் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

“நீ வாங்குலயே அம்மா. இந்தா, உனக்குப் பாதி.”

கோயிலில் பாட்டு நின்றது. அத்தை அவன் கைக்கு அடியில் தன் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு, அது கீழே விழாமலும் தான் தொடாமலும், அப்படியே முழங்காலில் நின்றார். பங்குச் சாமியார் ஓடிவந்து அதை எடுத்தார். அவன் விரல்களைக் கழுவினார்கள், தரையைத் துடைத்தார்கள். நான் பீடத்தின் அருகே தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் பெரியப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். செங்கோடனை முன்னால் நிறுத்தி, “உன்ன யார்றா போகச் சொன்னது?” என்று கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா அத்தையைப் பார்த்தார். வந்து மூன்று நாளில் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். “உன்னால வாங்க முடியலன்னு புள்ளைய அனுப்பித் திருடச் சொன்னியா?”

“இல்லீங்கண்ணா.”

“பின்ன அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? முட்டி போட்டு, கண்ண மூடி, நாக்க நீட்ட யாரு சொல்லிக் குடுத்தா?”

அத்தை செங்கோடனை முதுகில் ஓர் அடி அடித்தார். “சொல்லு கண்ணு, யாரு சொன்னா?” அவன் அழவும் இல்லை. நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு சொல் போதும். எனக்குத் தோல் உரிந்திருக்கும், அத்தைக்கு வீடு கிடைத்திருக்கும். வரிசை நகர்ந்தது. என் நெற்றியில் பெரியப்பா சிலுவை போட்டார். எல்லோருக்கும் கடைசியாக அத்தை வந்து குனிந்தார். பெரியப்பா எழுந்து நின்று, “எலயப் போடுங்க” என்றார்.

பெரியம்மா எவ்வளவோ கெஞ்சினார். அத்தை பையை எடுத்துக்கொண்டு, “வாரேன் அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையனோடு நடந்தார். பின்னால் ஓடிப்போன சித்தப்பா, பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்று முழுக்க வேடிக்கை எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு அத்தை அந்த வீட்டுக்கு வரவே இல்லை. பெரியப்பா இறந்தபோதுகூட நேராகக் கல்லறைக்கு வந்து, மண் போட்டுவிட்டு, அங்கிருந்தே திரும்பினார்.

நான் அடுத்த சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ‘கோயிலில் குறும்பு செய்தேன்’ என்று சொன்னேன். என்ன குறும்பு என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லச் சொன்ன ஜெபங்களைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன். பிறகு படித்தேன், கல்லூரியில் சரித்திரம் கற்பித்தேன், ஓய்வு பெற்றேன். எத்தனையோ மாணவர்களிடம் உண்மையின் முக்கியத்துவத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

பெரியப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு ஜவுளிக் கடையின் கிடங்கு இருக்கிறது. கோயிலில் கிராதியை எடுத்துவிட்டார்கள், தட்டையும் காணோம். நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பிறகு எங்கள் கோயிலில் எல்லோரும் நன்மையை உள்ளங்கையில்தான் வாங்குகிறோம். முதல் தடவை அது என் கையில் விழுந்தபோது, எனக்குப் பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு நகரச் சொல்லும் வரை நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அத்தை அதற்கு வெகு முன்பே காலமாகியிருந்தார். போன மாதம்தான் மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

செங்கோடன் ரிக் வண்டியில் வடநாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருக்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாங்க மச்சான். ஏனுங்க, ஒரு போனப் போட்டிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வந்திருக்குமில்லீங்க?” என்றான். டீ வந்தது. நான் சுற்றி வளைக்காமல், அன்று உன்னைப் போகச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வந்தேன் என்றேன்.

“அது எனக்குத் தெரியாதுங்களா?” என்று சிரித்தான்.

“உங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீங்கதானுங்க சொல்லக் கூடாதுன்னீங்க. பூச முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும், பின்னால தண்ணித் தொட்டிகிட்ட இழுத்துட்டுப் போயி, என்ற கையப் புடிச்சுக்கிட்டு. சொன்னீன்னா உங்கம்மாள இனி எந்தக் கோயில்லயும் சேத்த மாட்டாங்கன்னீங்க.”

எனக்கு அது நினைவில் இல்லை. அந்தத் தொட்டி நினைவுக்கு வருகிறது, எவ்வளவு முயன்றும் அவன் கை வரவில்லை. நான் வெறுமனே பேசாமல் இருந்தேன் என்றுதான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

“அத்தை கேட்கவே இல்லையா?”

“கேக்காம? பஸ்ஸுல கேட்டுது, ஊட்டுல கேட்டுது. அப்பறம் கேக்கறத உட்டுருச்சுங்க. நன்ம வாங்க முடியலியேன்னு அம்மா ஊட்டுல உக்காந்து அழுவும். அத நான் பாத்துட்டுத்தான் போனேன்னு அதாவே முடிவு பண்ணிக்கிச்சு. என்ற அழுகைதான் புள்ளையக் கெடுத்துருச்சு, அண்ணன் கோவிச்சது நாயந்தான்னு சொல்லும். நான் பெரியவனான பொறவு சொல்லியிருக்கலாமுங்க. சொல்லாமயே பழகிப் போச்சு.”

கிளம்பும்போது வாசல் வரை வந்தவன், “இத ஊட்டுல புள்ளைங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க மச்சான். அவங்களுக்கு நீங்க வாத்தியாருங்க. அந்த மரியாத இருக்கட்டும்” என்றான்.

எங்கள் குடும்பம் இப்போது ஒரே வீட்டில் கூடுவதில்லை. ஈஸ்டர் என்றால் கைப்பேசிக் குழுவில் பூப்படங்கள் வந்து விழும். பெரியப்பாவின் பேரன்கள், சித்தப்பாவின் பேத்திகள், எல்லோரும் அதில் உண்டு. லூர்து அத்தையின் வழியினர் ஒருவர்கூட அதில் இல்லை. ஏன் இல்லை என்று சின்னவர்கள் யாரும் கேட்டதுமில்லை. கேட்டால், அந்த அத்தை பிள்ளையை அனுப்பி ஓஸ்தி திருடியவள் என்று வீட்டில் வழங்கிவந்த கதையைத்தான் சொல்லியிருப்பார்கள். செங்கோடன் என் மரியாதைக்காகச் சொல்ல வேண்டாம் என்கிறான். ஆறு வயதில் தொடங்கி அவன் அதைக் காப்பாற்றியது போதும். இதை எழுதி முடித்ததும் முதலில் அந்தக் குழுவுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.